வீட்டுக்குள் ஏறும் ரத்த அழுத்தம்

1987க்கும் 1990க்கும் இடையில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 225 அமெரிக்கர்களை, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் கிங்கும் ஹாரி ரெய்ஸும் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அறுவை முடிந்து ஓராண்டு ஆனபோது, மணமானவர்களிடம் அவர்களுடைய இல்லறம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முடிவு 2012இல் வெளியானது. நிறைவான இல்லறம் என்று சொன்ன ஆண்களில் 83 விழுக்காட்டினர் 15 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அவ்வளவு நிறைவில்லை என்றவர்களில் 60 விழுக்காட்டினர், துணையில்லாத ஆண்களில் 36 விழுக்காட்டினர். பெண்களிலும் நிறைவான இல்லறத்தினரின் கணக்கு அதே 83தான். நிறைவில்லாத இல்லறத்தில் இருந்த பெண்களோ 28. துணையே இல்லாத பெண்கள் 27.

மொத்தமே 225 பேர், அவர்களிலும் பெண்கள் குறைவு. அதனால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே தெரியும் அந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோகவும் முடியவில்லை. மனைவி என்று ஒருத்தி வீட்டில் இருந்தாலே ஆணின் இதயத்துக்கு ஓரளவு காப்பு கிடைத்துவிடுகிறது. மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும், உப்பைக் குறைத்துச் சமைக்கவும், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகவும் ஓர் ஆள் இருக்கிறது. மனம் ஒத்துப்போகிறதா என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. பெண்ணுக்கு அப்படியில்லை. ஒத்துப்போகாத கணவன் கூட இருப்பதும் யாருமே இல்லாமல் இருப்பதும் அவள் இதயத்துக்கு ஏறத்தாழ ஒன்றாகவே முடிந்திருக்கின்றன.

முதுமையையும் உறவையும் பற்றி நாம் கேட்டுப் பழகிய செய்தி வேறு: தனிமை கொல்லும். அதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் தரவுகளை, ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்ட கட்டுரையில், உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல் என்று காட்டினார்கள். 2016இல் பிரிட்டனில் நிக்கோல் வால்டோர்ட்டா குழுவினர் செய்த தொகுப்பாய்வு, தனிமையும் ஒதுங்கிய வாழ்வும் இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பை 29 விழுக்காடும் பக்கவாதத்துக்கான வாய்ப்பை 32 விழுக்காடும் உயர்த்துவதாகக் கண்டது. இவற்றைப் படித்துவிட்டு நாம் முதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை எளிமையானது. தனியாக இருக்காதீர்கள், பிள்ளைகளோடு போய் இருங்கள், நாலு பேரோடு பழகுங்கள். அந்த நாலு பேரில் ஒருவர் தினமும் நெஞ்சைக் கீறுகிறவராக இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த அறிவுரை கேட்பதே இல்லை. கேட்டாக வேண்டும் என்பதுதான் என் வாதம். முதியவரின் இதயத்தைப் பொறுத்தவரை உறவு உண்டா இல்லையா என்பது பாதிக் கேள்விதான். அந்த உறவு அவரை எப்படி நடத்துகிறது என்பது மீதிப் பாதி. அந்த மீதியை நம் மருத்துவமும் நம் குடும்பங்களும் கேட்காமல் விட்டிருக்கின்றன.

இந்த இரண்டாம் பாதியைப் பெரிய அளவில் பிரித்துப் பார்த்தவை பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பற்றிய வொய்ட்ஹால் ஆய்வுகள். ராபர்ட்டோ டி வோக்லி, தரானி சந்தோலா, மைக்கேல் மார்மட் மூவரும் 9,011 ஊழியர்களைச் சராசரியாக 12.2 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை 2007இல் வெளியிட்டார்கள். உங்களுக்கு மிக நெருக்கமானவர் யார் என்று கேட்டு, அவரிடமிருந்து கிடைக்கும் ஆதரவைத் தனியாகவும் அவரால் வரும் மனக்கசப்பைத் தனியாகவும் அளந்தார்கள். நெருக்கமானவரால் மிகுந்த கசப்புக்கு உள்ளானவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயத் தமனிப் பாதிப்பு 34 விழுக்காடு கூடுதலாக வந்தது. மனச்சோர்வையும் எதையும் கறுப்பாகவே பார்க்கும் இயல்பையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் 25 விழுக்காடு எஞ்சி நின்றது. இன்னொரு முடிவுதான் என்னை நிறுத்தியது. மனம்விட்டுப் பேச ஆள் இருப்பதோ, சமயத்துக்குக் கைகொடுக்க ஆள் இருப்பதோ இந்த ஆய்வில் இதயத்தைத் தெளிவாகக் காக்கவில்லை. நல்லது செய்த நன்மையைவிடக் கெட்டது செய்த கேடு பெரிதாக இருந்தது.

அந்த ஊழியர்கள் ஆய்வில் சேர்ந்தபோது நடுவயதில் இருந்தவர்கள். எழுபதிலும் எண்பதிலும் என்ன நடக்கிறது? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹூயி லியூவும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லிண்டா வெயிட்டும் 2014இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்விக்கு நேராக வருகிறது. 57 முதல் 85 வயது வரையிலான, மணமான ஏறத்தாழ 1,200 பேர். ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை அவர்களைச் சந்தித்தார்கள். ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் அளக்கப்பட்டன. உடம்பின் உள்ளழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கப்பட்டது. கூடவே, உங்கள் துணைவர் எவ்வளவு அடிக்கடி குறை சொல்கிறார், அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார், எரிச்சலூட்டுகிறார் என்றும் கேட்கப்பட்டது.

இங்கேயும் பாசத்தின் நன்மையைவிடக் குறைகூறலின் கேடு வலுவாக இருந்தது. வயது ஏற ஏற அந்தக் கேடும் ஏறியது. ஆணைவிடப் பெண்ணுக்குப் பாதிப்பு கூடுதல். நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு எல்லாம் பழகிப்போயிருக்கும், இனி அது என்ன செய்துவிடும் என்று நாம் நினைப்பதற்கு நேரெதிரான முடிவு இது. வயதான உடம்புக்குக் குத்தல் பேச்சு பழகுவதில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு முடிவும் உண்டு. அதிகம் பேசப்படாதது, ஆனால் நம் வீடுகளில் பலரும் கண்ணால் கண்டிருப்பது. இதயநோய் வந்த பிறகு பெண்களின் இல்லற உறவு மோசமானது. ஆண்களின் இல்லறத்தில் அந்தச் சரிவு தெரியவில்லை. கணவன் படுத்தால் மனைவி தாங்கிப் பிடிக்கிறாள், மனைவி படுத்தால் கணவன் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை என்று சமூகவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவதோடு இது ஒத்துப்போகிறது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த மூன்றாம் நாளே அடுப்படியில் நிற்கும் பெண்களை நாம் அறிவோம். நோய் அவளுக்கு ஓய்வைத் தருவதற்குப் பதில், “எப்பப் பாரு உனக்கு ஏதாவது ஒண்ணு” என்ற பேச்சைத் தருகிறது. உறவு இதயத்தைக் கெடுக்க, கெட்ட இதயம் உறவை மேலும் கெடுக்கிறது. இந்தச் சுற்றில் அவள் மாட்டிக்கொள்கிறாள்.

லியூ, வெயிட் முடிவோடு ஒட்டாத ஓர் ஆய்வும் அதே 2014இல் வந்தது. அதை மறைத்துவிட்டு மேலே போவது நேர்மையில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராட்லீஷியா ஸ்னீடும் ஷெல்டன் கோஹனும் 50 வயதைத் தாண்டிய 1,502 பேரை எடுத்துக்கொண்டார்கள். 2006இல் இவர்கள் யாருக்கும் ரத்தக்கொதிப்பு இல்லை. நான்கு ஆண்டுகளில் 29 விழுக்காட்டினருக்கு வந்துவிட்டது. துணைவர், பிள்ளைகள், மற்ற உறவினர், நண்பர்கள் ஆகிய நான்கு வட்டங்களிலும் அனுபவிக்கும் கசப்புகளின் சராசரி ஒரு படி கூடினால், ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு 38 விழுக்காடு கூடியது. பெண்களுக்குத்தான் இந்தத் தொடர்பு, ஆண்களுக்கு இல்லை. அதுவரைக்கும் முந்தைய ஆய்வோடு ஒத்துப்போகிறது. ஆனால் 51 முதல் 64 வயது வரையில்தான் தொடர்பு தெரிந்தது. 65ஐத் தாண்டியவர்களிடம் தெரியவில்லை.

ஓர் ஆய்வு வயது ஏற ஏறக் கேடு கூடும் என்கிறது. மற்றது 65க்குப் பிறகு தொடர்பே இல்லை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க, கலிஃபோர்னியாவின் உளவியலாளர் சூசன் சார்ல்ஸ் 2010இல் முன்வைத்த கருத்து உதவுகிறது. வயதானவர்கள் மோதலைத் தவிர்ப்பதில் கைதேர்ந்தவர்கள் என்கிறார் அவர். எந்தப் பேச்சில் நுழையக் கூடாது, யாரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் வாழ்க்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதனால் சின்னச் சின்ன உரசல்கள் இளையவர்களைவிட அவர்களைக் குறைவாகவே தொடுகின்றன. ஆனால் தவிர்க்க முடியாத, தப்பிக்க வழியில்லாத மோதலில் சிக்கிவிட்டால், மூப்படைந்த உடம்பு அதிலிருந்து மீள இளைய உடம்பைவிட அதிகம் திணறுகிறது.

ஸ்னீட், கோஹன் ஆய்வு நான்கு வட்டங்களின் சராசரி. நண்பரும் தூரத்து உறவும் அதில் அடக்கம். பிடிக்காத நண்பரின் வீட்டுப்பக்கம் போகாமல் இருந்துவிடலாம், விசேஷத்துக்கு அழைக்கும் உறவிடம் முட்டிவலி என்று சொல்லிவிடலாம். லியூவும் வெயிட்டும் அளந்தது ஒரே கூரையின் கீழ் இருக்கும் துணைவரை மட்டும். அங்கே விலகி நிற்க இடமில்லை. ஆக, வயதைவிட முக்கியமானது அந்த உறவிலிருந்து விலகி நிற்க முடிகிறதா இல்லையா என்பதுதான் என்று நான் படிக்கிறேன். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், வயதானவர்களுக்கு நாளாக ஆக விலகும் வழிகள் அடைபடுகின்றன. வேலை இல்லை, வண்டி ஓட்ட முடியாது, கையில் பணம் இல்லை, மூட்டு ஒத்துழைக்காது. முப்பது வயதில் சண்டை போட்டுவிட்டு வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். எழுபத்தெட்டில் அதே அறையில், அதே கட்டிலில், அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

அப்படிப் படுத்திருக்கும்போது உடம்புக்குள் நடப்பது என்ன? ஒரு சுடுசொல் காதில் விழுந்ததும் மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரீனலினும் நார் அட்ரீனலினும் ரத்தத்தில் பாய்கின்றன. இதயம் வலுவாக அடிக்கிறது, சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. சற்று நேரத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்பும் கூடுகிறது. இளம் வயதில் பெருந்தமனி இளக்கமாக இருப்பதால் ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் அது வாங்கிக்கொள்கிறது. வயதான தமனி வெயிலில் கிடந்த ரப்பர் குழாய் மாதிரி இறுகிப்போயிருக்கிறது. அதே வேகத்தை அது தாங்காமல் மேல் அழுத்தமாக எகிறவிடுகிறது. மன அழுத்தத்துக்கு முதியவர்களின் உடம்பு எப்படி எதிர்வினை செய்கிறது என்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதுதான்: வயது கூடும்போது இதயத் துடிப்பின் எகிறல் குறைகிறது, மேல் அழுத்தத்தின் எகிறல் கூடுகிறது. அழுத்தத்தை உடனுக்குடன் சீராக்கும் நரம்பு அனிச்சையும் மந்தமாகியிருப்பதால் ஏறியது இறங்க நேரமாகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அதுவரை ரத்தக்குழாய்களுக்குத் துணைநின்ற ஈஸ்ட்ரோஜனும் குறைந்திருக்கும்.

சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடலாம். நினைப்பு முடிவதில்லை. மனதைப் புண்படுத்திய சம்பவத்தை மறுபடி நினைத்துப் பார்க்கச் சொன்னாலே ரத்த அழுத்தம் மீண்டும் ஏறுகிறது என்று லாரா கிளின், நிக்கலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட், வில்லியம் ஜெரின் மூவரும் 2002இல் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். பகலில் பேசியது ஒருமுறை, இரவில் உடம்பு அதைக் கேட்பது பலமுறை. தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு தாழ வேண்டும். புரண்டு புரண்டு படுக்கும் இரவுகளில் அந்தத் தாழ்வு குறைகிறது. இரவில் இறங்காத அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் கூடுதல் அபாயம் என்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி.

இதோடு உள்ளழற்சியும் சேர்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் 42 தம்பதிகளை இருமுறை மருத்துவமனையில் ஒருநாள் தங்கவைத்து, முன்கையில் சிறு கொப்புளக் காயங்களை உண்டாக்கினார். முதல் முறை இருவரும் ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொல்லப்பட்டார்கள். இரண்டாம் முறை தங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயத்தைப் பேச வேண்டும். சச்சரவுக்குப் பிறகு காயம் ஆறத் தாமதமானது. எப்போதும் பகைமையோடு பேசும் தம்பதிகளின் காயம், மற்றவர்களின் வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்தில்தான் ஆறியது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் மறுநாள் ரத்தத்தில் அவர்களுக்கு அதிகம் ஏறியிருந்தன. தோலில் ஒரு கொப்புளம் ஆறுவதையே ஒரு பேச்சு இப்படித் தாமதப்படுத்துகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரும் ஓயாமல் சேதமாகி ஓயாமல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திசுதான். அங்கே அழற்சி நீடித்தால் கொழுப்புப் படிவு வளர்கிறது, படிந்தது வெடிக்கவும் எளிதாகிறது.

அதிர்ச்சியால் இதயம் திடீரென்று துவண்டுபோகும் டாகோட்சுபோ என்ற நிலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்தார்கள். 2015இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டில் இருந்த 1,750 நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், சராசரி வயது 67ஐ ஒட்டி. மரணச் செய்தி மட்டுமில்லாமல் கடும் வாக்குவாதமும் அதைத் தூண்டக்கூடும். ஆனால் அது அரிது, பெரும்பாலோர் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் நடக்கும் மெதுவான கேடுதான் அதிகம் பேரைச் சாய்க்கிறது.

கெட்ட உறவு என்றதும் அடிதடியும் வசவும் நம் நினைவுக்கு வரும். ஆய்வுகள் காட்டும் பெரிய ஆபத்து அங்கே மட்டுமில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் பெர்ட் உச்சினோ குழுவினர் 136 முதிய தம்பதிகளை ஆராய்ந்தார்கள். சராசரி வயது 63, மணமாகிச் சராசரியாக 36 ஆண்டுகள். இதயத் தமனிகளில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஆதரவு தேவைப்படும் நேரத்தில் துணைவர் உதவியாகவும் இருக்கிறார், மனதைக் கலக்கவும் செய்கிறார் என்று கணவன் மனைவி இருவருமே ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்ன வீடுகளில்தான் படிவு மிக அதிகம். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் முன்பு செய்த ஓர் ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. முழுக்கப் பிடிக்காதவரோடு பேசும்போது ஏறியதைவிட, பாசமும் கசப்பும் கலந்த உறவோடு பேசும்போது ரத்த அழுத்தம் அதிகம் ஏறியது. பிடிக்காதவர் சொல்வதை நாம் ஒதுக்கிவிடுகிறோம். பாசம் உள்ளவர் சொன்னால் அது உள்ளே இறங்கிவிடுகிறது. அவர் இன்றைக்கு எந்த முகத்தோடு வருவார் என்று உடம்பு எந்நேரமும் காத்துக்கொண்டிருக்கவும் வேண்டியிருக்கிறது.

நம் குடும்பங்களை நினைக்கும்போது எனக்கு இந்தக் கலந்த உறவு பற்றிய ஆய்வுகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அம்மாவை விட்டுவிடாத மகன், ஆனால் ஒவ்வொரு மாதமும் மருந்துச் செலவைச் சொல்லிக்காட்டுகிறான். மாமியாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடும் மருமகள், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பென்ஷன் ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டால் “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா பணம்” என்று கேட்கும் பிள்ளை. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோய், அடுத்த தெருவில் இருந்தும் வராத தம்பி. இவர்களில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. பலர் உண்மையாகவே பாசமுள்ளவர்கள். அதனாலேயே முதியவரால் புகார் சொல்லவும் முடிவதில்லை. சோறு போடுகிற பிள்ளையைப் பற்றி வெளியே எப்படிப் பேசுவது?

சென்னையில் 65 வயதைத் தாண்டிய 400 பேரிடம் சீனிவாசன் சொக்கநாதனும் அலெக்ஸ் லீயும் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. 14 விழுக்காட்டினர் ஏதோவொரு வகையில் மோசமாக நடத்தப்பட்டிருந்தார்கள். மிகப் பரவலாக இருந்தது தொடர்ச்சியான சொல்வன்மம். அடியும் பணப்பறிப்பும் அதற்குப் பின்னால்தான் வந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம். செய்தவர்கள் பெரும்பாலும் பெற்ற பிள்ளைகள், மருமகள்கள், துணைவர், மருமகன்கள். அந்த ஆய்வு இதயத்தை அளக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன அமெரிக்க, பிரிட்டன் ஆய்வுகளில் இதயத்தைத் தொட்டதும் இதே பேச்சு வழியான காயம்தான். அங்கே துணைவரின் குறைகூறல் பெரிதாகத் தெரிகிறது, இங்கே பட்டியலில் பிள்ளைகளும் மருமக்களும் முன்னே வருகிறார்கள். கூட்டாக வாழும் வீட்டில் விலகிப்போக முடியாத உறவு ஒன்றல்ல, பல.

மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போவதும் தவறு. எண்பது வயது மாமியாரைக் கவனிக்கும் மருமகளுக்குப் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல் ஆகியிருக்கும். ஸ்னீட், கோஹன் ஆய்வில் உறவுக் கசப்பால் ரத்தக்கொதிப்பு வந்த வயது வரம்பு அதுதான். ஒரே சண்டையில் இரண்டு பெண்களின் ரத்தக்குழாய்களும் கெடுகின்றன. வீட்டு ஆண் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்.

வாய் திறக்காமல் இருப்பதை நம் பெண்களுக்குப் பொறுமை என்று சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அதற்கு உடம்பு கொடுக்கும் விலையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வின் இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ 3,000 பேரின் தரவை எலைன் ஈக்கர் குழுவினர் 2007இல் வெளியிட்டார்கள். கணவனோடு சச்சரவு வரும்போது மனதில் உள்ளதைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பெண்கள், சொல்லிவிடும் பெண்களைவிட அடுத்த பத்தாண்டில் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு இருந்தது. இது எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பு, இதயநோயால் மட்டும் நேர்ந்தது இல்லை. ஆண்களில் அடக்கிக்கொள்பவர்களுக்கு அப்படி ஒரு வேறுபாடு காணப்படவில்லை.

இவற்றில் இதயநோயையும் இறப்பையும் கணக்கிட்டவை எல்லாம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். மனக்கசப்பு முன்னே வந்ததா, நோய் முன்னே வந்ததா என்பதை இவற்றால் முழுக்கப் பிரித்துக் காட்ட முடியாது. உடம்பு சரியில்லாதவர் எரிந்து விழலாம், பணமில்லாத வீட்டில் சண்டையும் நோயும் சேர்ந்தே வரலாம். கசந்த மனதோடு இருப்பவர் மாத்திரையைத் தவறவிடலாம், புகையிலையைக் கூட்டலாம். அதனால் உறவைச் சரிசெய்தால் இதயம் பிழைக்குமா என்பதைச் சோதனை செய்துதான் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். அமெரிக்காவில் 2,481 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய சோதனை 2003இல் முடிவு சொன்னது. மனச்சோர்வோ உறவு ஆதரவின்மையோ உள்ளவர்களுக்கு உளவியல் சிகிச்சை தந்ததில் மனநிலை தேறியது. மறு மாரடைப்போ இறப்போ குறையவில்லை. பலர் அத்தோடு இந்த வழியைக் கைவிட்டுவிடலாம் என்று நினைத்தார்கள்.

ஸ்டாக்ஹோமில் கிறிஸ்டினா ஓர்த்-கோமேரின் அனுபவம் வேறு. அவருடைய குழு 2000ஆம் ஆண்டிலேயே, 1991க்கும் 1994க்கும் இடையில் மாரடைப்போ தீவிர நெஞ்சுவலியோ வந்து மருத்துவமனையில் சேர்ந்த 292 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஒன்றைக் கண்டிருந்தது. இல்லறத்தில் கடும் நெருக்கடி உள்ளவர்களுக்கு மீண்டும் இதயப் பாதிப்பு வரும் வாய்ப்பு 2.9 மடங்கு. வேலையிடத்து நெருக்கடிக்கு அப்படியொரு தெளிவான தொடர்பு இல்லை. அவர் பெண்களுக்கென்றே ஒரு சோதனையையும் நடத்தினார். 75 வயது வரையிலான, மாரடைப்போ பைபாஸோ ஸ்டென்ட்டோ கடந்து வந்த 237 பெண்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு, நான்கு முதல் எட்டுப் பெண்கள் கொண்ட சிறு குழுவாக ஓராண்டில் 20 அமர்வுகள். மருந்தும் உணவும் பேசப்பட்டன. குடும்பத்திலிருந்தும் வேலையிலிருந்தும் வரும் நெருக்கடியை எப்படி எதிர்கொள்வது என்பதுதான் பேச்சின் நடுப்பகுதி. சராசரியாக ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25 பேர், அதாவது 20 விழுக்காட்டினர், இறந்திருந்தார்கள். குழுவில் இருந்தவர்களில் 8 பேர், 7 விழுக்காட்டினர்.

கணவனையோ மாமியாரையோ யாரும் மாற்றவில்லை. அந்தப் பெண்கள் தங்கள் வீட்டில் நடப்பதைப் பெயர் சொல்லிப் பேச, அதே நோயும் அதே மாதிரி வீடும் உள்ள வேறு பெண்கள் கிடைத்தார்கள். சோதனை சிறியது, வேறு இடங்களில் பெரிய அளவில் திரும்பச் செய்யப்பட வேண்டியது. ஆனாலும் இறப்பு எண்ணிக்கையில் இப்படி ஒரு வேறுபாட்டை எந்தப் புது மாத்திரை காட்டினாலும் நாம் அதைத் தேடி ஓடுவோம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெறவும் வழி உண்டு. சோற்றுக்கும் சொத்துக்கும் சட்டம் துணை வரும். குத்திக்காட்டும் பேச்சுக்கு அந்தச் சட்டத்தில் நேரடியான வழி இல்லை. 14567 என்ற மூத்தோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் பாசமும் கசப்பும் கலந்த வீட்டில் இருப்பவர் அந்த எண்ணை அழைப்பது அரிது.

வேறொன்றும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2021இல் மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணிக்கப்பட்ட மாநிலத்தில் இது சிறிய ஏற்பாடு இல்லை. மருத்துவர் ஒருநாளும் பார்க்காத ஒன்றை அந்தத் தன்னார்வலர் பார்க்கிறார். அந்த அம்மா திண்ணையில் படுக்கிறாரா உள்ளேயா, யாரைக் கண்டால் பேச்சைச் சட்டென்று நிறுத்துகிறார், மாத்திரை போடத் தண்ணீர் கேட்டால் யார் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். அழுத்தம் குறையாத முதியவரிடம் மாத்திரை சாப்பிட்டீர்களா, உப்பைக் குறைத்தீர்களா என்பதோடு, வீட்டில் எல்லாரும் உங்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று தனியாக, வேறு யாரும் காதில் வாங்காதபடி கேட்க அவருக்குப் பயிற்சி தரலாம். மருத்துவரும் மருந்தின் அளவைக் கூட்டுமுன் இதைக் கேட்கலாம். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது, அடுத்து ஓரிடம் வேண்டும். ஸ்டாக்ஹோமில் அந்த இடத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. நம் ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கின்றன, தெருவுக்குத் தெரு, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவில். ரத்தக்கொதிப்போ நெஞ்சுவலியோ உள்ள ஐம்பது, அறுபது, எழுபது வயதுப் பெண்கள் ஆறேழு பேரை அதே இடத்தில், கடன் தவணைப் பேச்சு இல்லாத வேறொரு நாளில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரோடு ஓராண்டு உட்காரவைக்கலாம். ஒரு மாவட்டத்தில் தொடங்கி, குழுவில் இருந்தவர்களின் ரத்த அழுத்தத்தையும் இல்லாதவர்களின் ரத்த அழுத்தத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஒப்பீட்டில் மாமியார்களோடு மருமகள்களையும் சேர்க்க வேண்டும், ஆனால் ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் வேறு வேறு குழுவில் இருக்க வேண்டும்.